ஆகஸ்டுக்கு வைத்த கலன்

ஷதா பேரீச்சம்பாகைக் குழாய்த் தண்ணீரில் கரைத்துக் குடித்துவிட்டு, மேலுதட்டில் பழுப்பு மீசையோடு வாசலுக்கு வந்தாள். நாலு வயது.

"பாபா, நானும் உங்கள மாதிரி ஆயிட்டேன்."

"அப்போ உனக்கும் ஒரு பிளேடு வாங்கணும்" என்று சொல்லிவிட்டு ஹாத்திஃப் வேலைக்குக் கிளம்பினான்.

பஸ்ராவின் தண்ணீர் நிலையத்தில் மருந்து கலப்பவன் அவன். பொருளாதாரத் தடை வந்து ஆறு வருடமாகிறது. குளோரின் ஆயுதத்துக்கும் ஆகுமாம். வந்தால் கொஞ்சமாகத்தான் வரும். தினமும் குறைத்துக் குறைத்துக் கலந்து, காலரா வரும் ஆகஸ்டுக்கென்று ஒரு கலனை அவன் மிச்சப்படுத்தியிருந்தான். பட்டியலில் காட்டினால் யாராவது ஒரு பெரிய மனிதரின் நீச்சல்குளத்துக்குப் போய்விடும். அதனால் ஈச்ச ஓலையால் மூடி வைத்திருந்தான்.

அன்று ஐ.நா. ஆய்வாளர்கள் வந்தார்கள். ஓலையை விலக்கியவருக்குப் புதையல் எடுத்த முகம்.

"ஏன் ஒளிச்சு வச்சீங்கன்னு கேக்கறார்" என்றார் மொழிபெயர்ப்பாளர்.

"தண்ணியில போடறதுய்யா. மோந்து பாக்கச் சொல்லுங்க, மூக்கே சொல்லிடும்."

கூட வந்த அரசாங்க அதிகாரி ஹம்தான் பல்லைக் கடித்தார். "எங்களுக்கே தெரியாம ஒளிச்சியாடா? தலைவர் மானத்தை வாங்கிட்டியே!"

"காலரா வரப்போகுது, உஸ்தாத்."

"வரட்டும். படம் எடுக்க ஆளுங்களக் கூட்டிட்டு வரேன்."

கலனுக்கு முத்திரை வைத்து, மாதிரியை ஐரோப்பாவுக்கு அனுப்பினார்கள். பதில் வரும்வரை யாரும் தொடாமலிருக்க இரண்டு துப்பாக்கிக்காரர்கள் காவல். கைவசமிருந்த குளோரின் ஒன்பது நாளில் தீர்ந்தது. அதன்பின் ஆற்றுத் தண்ணீர் அப்படியே வீடுகளுக்குப் போயிற்று. ஹாத்திஃப் வீட்டில் கொதிக்கவைத்துத்தான் குடித்தார்கள். ஷதா விளையாடப் போகும் பக்கத்து வீட்டில் கொதிக்கவைக்க மண்ணெண்ணெய் இல்லை.

ஆகஸ்டில் ஷதாவைக் காலராவோடு ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். அங்கே வந்திருந்த நிவாரணப் பெட்டிகளில் உப்புநீர் பாட்டில்கள் நிறைய இருந்தன. அதை ஏற்றும் ஊசிகள் வேறொரு துறைமுகத்தில் அனுமதிக்காகக் காத்திருந்தன. ஹம்தான் சொன்னபடியே கேமராக்காரர்களோடு வந்தார்.

"கொஞ்சம் சத்தமா அழு, அபூ ஷதா. உலகமே பாக்குது" என்றார் ஷதாவின் அப்பாவிடம்.

ஹாத்திஃபின் மனைவி நஜியா எழுந்து, கேமராவின் மேல் போர்வையைப் போட்டாள். "உலகம் போதுமான அளவு பாத்துடுச்சு, வெளிய போங்க."

அன்று மாலையே ஷதாவை அடக்கம் செய்தார்கள்.

பதினான்கு மாதம் கழித்து ஆய்வகத்தின் பதில் வந்தது. இரண்டு மொழிகளில், நான்கு கையெழுத்துகளோடு. கலனுக்குள் இருந்தது குளோரின்.