ஒருக்களித்துப் போகும் வழி

துக்கத்துக்கு வந்தவர்களுக்குத் தேநீர் போட, சர்க்கரையைத் தராசில் வைத்து நிறுத்துக்கொண்டிருந்தாள் அவள். நிறுக்கச் சொல்லி யாரும் கேட்கவில்லை. சொந்தக் கடைச் சர்க்கரை, சொந்த வீட்டுச் சாவு. ஆனாலும் கை தன்பாட்டுக்குத் தட்டைப் பார்த்து, கொஞ்சம் கூடிவிட்டதென்று ஒரு கரண்டியைத் திரும்ப டப்பாவில் போட்டது.

"அண்ணி, அப்படியே கொட்டுங்களேன். இதுக்குமா எடை?" என்றாள் நாத்தனார். அழுது அழுது அவளுக்குக் குரல் கட்டியிருந்தது.

இவளுக்கு ஒரு சொட்டுக் கண்ணீர் வரவில்லை. விடியற்காலையில் புருஷனின் மூச்சு நின்றதிலிருந்து காது அடைத்துக்கொண்ட மாதிரி இருந்தது. எல்லாரும் அடுத்த வீட்டில் பேசுவதுபோலக் கேட்டது. தன்மேல் தனக்கே பயமாக இருந்தது.

வாசலில் வண்டி வந்து நின்றது. ஓட்டுநர் இறங்கி உள்ளே எட்டிப் பார்த்துவிட்டு, "ஸ்ட்ரெச்சர் போகாதுங்களே" என்றார்.

போகாதுதான். அந்த வீட்டுக்கு இருப்பது ஒரே வாசல். வாசலைத் தாண்டினால் கடை, கடையைத் தாண்டினால்தான் வீடு. ஆரம்பத்தில் கடை என்று பெயருக்கு இருந்தது ஒரு ஜன்னல்தான். மிட்டாயும் தீப்பெட்டியும் அதன் வழியாக விற்றாள். பெண்கள் குழுவில் சேர்ந்து முதல் கடன் வாங்கியபோது கூடத்தில் பாதி கடையாயிற்று. அதை அடைத்துவிட்டு அடுத்ததை வாங்கியதும் மீதிப் பாதியும் போனது. கூடத்தின் குறுக்கே ஆள் உயரத்துக்கும் மேலே ஓர் இரும்பு அலமாரி எழும்பியது. அதன் ஓரத்தில், ஒருக்களித்தால் ஓர் ஆள் உள்ளே போகலாம். கொஞ்சம் உடம்பு கூடிய சொந்தக்காரர்கள் வருவதையே விட்டுவிட்டார்கள். "கடன் வாங்கினதுல உடனே கிடைச்ச லாபம் இதுதான்" என்பார் புருஷன்.

அலமாரியைச் செய்ததும் அவர்தான். கேட் செய்யும் பட்டறையில் வெல்டர். விற்கிற அலமாரியெல்லாம் வெறும் தகரம், எண்ணெய் டின் வைத்தால் வளைந்துவிடும் என்று சொல்லி, இரும்பு வாங்கிவரச் செய்து, இருமிக்கொண்டே உட்கார்ந்து முடித்தார். அதற்குள் டாக்டர் அவருடைய நெஞ்சு எக்ஸ்ரேயைப் பார்த்து உதட்டைப் பிதுக்கியிருந்தார். அதைப் பற்றி இருவரும் பேசிக்கொள்ளவில்லை. அரிசி மூட்டையை எந்த மூலையில் வைப்பது என்று பேசிக்கொண்டார்கள்.

"நாற்காலியில உட்கார வச்சு, துணியால ஒரு கட்டுக் கட்டி, பக்கவாட்டுல இறக்கிடலாம்" என்றார் எதிர் வீட்டுக்காரர்.

நாத்தனார் பாய்ந்தாள். "மூட்டையா அது, கட்டித் தூக்க? எங்க அண்ணன்! கடை கடைன்னு வீட்டையே முழுங்கியாச்சு. இப்ப மனுஷன் காலை நீட்டிப் போறதுக்குக்கூட வழியில்ல."

அவளுக்குக் கோபம் வரவில்லை. நாத்தனார் சொன்னதில் தப்பு ஒன்றும் இல்லையென்று பட்டது.

குழுத் தலைவி மெல்ல அவள் கையைப் பிடித்து ஓரமாக அழைத்துப் போனாள். "அக்கா, சுவத்தோட பதிச்ச அலமாரி, நகராது. வெட்டுறதுன்னா வெட்டிரலாம். ஆனா திரும்பச் செஞ்சு குடுக்க இனிமே யாரு இருக்கா? கடை நின்னா..." என்று ஆரம்பித்தவள் வாயைப் பொத்திக்கொண்டாள். "நாங்க பாத்துக்குறோம்க்கா. நீங்க மனசுல வச்சுக்காதீங்க."

பார்த்துக்கொள்ள அவர்களிடம் என்ன இருக்கிறது? ஒருத்தி முட்டை விற்கிறாள், ஒருத்தி துணி தைக்கிறாள். இவள் கட்டாவிட்டால் அந்தக் கடன் அவர்கள் தலையில்தான் விழும்.

பட்டறையிலிருந்து, கண்ணாடி என்று எல்லாரும் கூப்பிடுகிறவர் வந்தார். புருஷனோடு கூடவே வேலை பார்த்தவர். வெல்டிங் கண்ணாடியைக் கழற்ற மறந்து அப்படியே வீடுவரை போய்விடுகிற ஆள் என்பதால் அந்தப் பெயர். இன்றைக்கும் போட்டுக்கொண்டுதான் வந்திருந்தார். அதனால் அழுதாரா இல்லையா என்று தெரியவில்லை. கையில் இரும்பு வெட்டும் மெஷின்.

"நீங்க சொல்லுங்க அண்ணி. நாற்காலியா, வெட்டட்டுமா?"

அவள் அலமாரியைப் பார்த்தாள். சோப்பு, எண்ணெய், ஊறுகாய் ஜாடிகள், பிஸ்கட். ஒவ்வொன்றும் அவள் கையால் அடுக்கியது.

"வெட்டுங்க. அவர் படுத்தபடியே போகட்டும்" என்றாள். விலை சொல்கிற குரலில்தான் அதுவும் வந்தது.

எங்கே வெட்டுவதென்று பார்க்க, கண்ணாடி தரையில் படுத்து அடியில் டார்ச் அடித்தார். வெகுநேரம் எழுந்திருக்கவில்லை. பிறகு அடித்தட்டை மறைத்திருந்த தகரப் பட்டையைப் பிடித்து இழுத்தார். அது சுலபமாகக் கையோடு வந்துவிட்டது.

"மெஷின் வேணாம்" என்றார்.

அடியில் ஒரு சின்னச் சக்கரம். அலமாரியின் நடுவில், வெல்டிங் என்று எல்லாரும் நினைத்துக்கொண்டிருந்த இடத்தில், மேலிருந்து கீழ்வரை கீல்கள், அதே நிறத்தில் பெயின்ட் பூசி.

"திருட்டுப் பய. கேட் போட்டு வச்சிருக்கான்." கண்ணாடியைக் கழற்றிவிட்டு, கீலைத் தொட்ட விரலைக் காட்டினார். "கிரீஸ் இன்னும் காயலை, அண்ணி. இப்ப சமீபத்துல வச்சது."

இந்தக் கடைசி நாட்களில் குனிந்தாலே புருஷனுக்கு இருமல் பிடித்துக்கொள்ளும். அவள் அவரைத் தனியாக விட்டுப் போனது குழுக் கூட்டத்துக்கு மட்டும்தான். போன கூட்டம் முடிந்து வந்தபோது உடம்பெல்லாம் வேர்த்துக் கிடந்தார். காய்ச்சல் விட்டிருக்கிறதென்று நினைத்து, துடைத்துவிட்டுக் கஞ்சி வைக்கப் போய்விட்டாள்.

"உங்ககிட்டயாவது சொன்னாரா, அண்ணி?" என்றாள் நாத்தனார். குரல் இறங்கியிருந்தது.

"இல்ல."

கண்ணாடி கொண்டியை எடுத்துவிட்டு இழுத்தார். சரக்கோடு சரக்காகப் பாதி அலமாரி திறந்துகொண்டது. ஸ்ட்ரெச்சர் உள்ளே போனது. நான்கு பேர் அவரைச் சுமந்து வெளியே வந்தார்கள். இரண்டு பக்கமும் கை நுழைகிற அளவுக்கு இடம் இருந்தது.

அவள் திறந்த அலமாரியை ஒட்டி நின்றாள். அவர் அவளைக் கடந்து போனபோது, விழுந்துவிடுமோ என்று இரண்டு கைகளாலும் ஊறுகாய் ஜாடிகளைப் பிடித்துக்கொண்டாள். அவை அசையவேயில்லை. வண்டி கிளம்பிய சத்தம் கேட்ட பிறகும் அவள் பிடியை விடவில்லை.