மேற்கு வாசல்

ஸ்டீவ் கம்ப்யூட்டர் விளையாட்டில் ஹார்ட் லெவலை ஜெயித்துவிட்டான் என்ற செய்தி, அவன் நாற்காலியை விட்டு எழுவதற்குள் பர்கூர் கிரானைட் யார்டுக்குப் போய்ச் சேர்ந்துவிட்டது. அவனே போன் போட்டுச் சொன்னான். பக்கத்தில் நின்றிருந்த மனைவி ரூபிக்கு வாயைத் திறக்கக்கூட நேரம் கொடுக்கவில்லை. யார்டு சூப்பர்வைசர் கோவிந்தப்பனுக்குக் கம்ப்யூட்டர் கேம் என்றால் என்னவென்று தெரியாது. நல்ல கிரேன் ஆபரேட்டர் என்றால் என்னவென்று நன்றாகத் தெரியும். ஸ்டீவ் படுத்ததிலிருந்து யார்டில் கல் தூக்கும் வேலை நொண்டியடித்துக்கொண்டிருந்தது. டாக்டரிடம் ஒரு சர்டிபிகேட் வாங்கிக்கொண்டு திங்கட்கிழமை வந்துவிடு என்று சொல்லிவிட்டார்.

அவன் ஜெயித்தது ஹார்ட் லெவலே இல்லை, நார்மல். மாற்றி வைத்தவள் ரூபிதான்.

மாம்பழ சீசனுக்கு முன்பு, குந்தாரப்பள்ளி சந்தைக்குப் போய்த் திரும்பும்போது பைபாஸில் ஸ்டீவின் பைக் சறுக்கியது. ஹெல்மெட் பெட்ரோல் டேங்கின் மேல் பத்திரமாக உட்கார்ந்திருந்தது. அதற்கு ஒரு கீறல்கூட இல்லை. அடியெல்லாம் தலைக்குத்தான், அதுவும் வலப்பக்கம். பிழைப்பானா என்று கை பிசைந்துகொண்டு நின்ற குடும்பத்துக்கு அவனைத் திருப்பிக் கொடுத்தது ஆஸ்பத்திரி. கை கால் வந்தது, பேச்சு வந்தது, கோபமும் பழையபடி வந்தது. இடப்பக்கம் மட்டும் வரவில்லை. கண்ணில் கோளாறு இல்லை, கண் பார்க்கிறது, மூளைதான் அந்தப் பக்கத்தைக் கணக்கில் எடுப்பதில்லை என்றார் டாக்டர். மெல்ல மெல்லச் சரியாகலாம், நாளாகும் என்றார். ஆஸ்பத்திரியில் பயிற்சி கொடுத்த பெண், திரை முழுக்கக் கண்ணை ஓட்டுகிற மாதிரி ஏதாவது விளையாடக் கொடுங்கள் என்றாள்.

இதில் கொடுமை என்னவென்றால், குறை இருப்பது குறை உள்ளவனுக்கே தெரியவில்லை. கைகால் இழுத்துக்கொண்டால் தெரியும். உலகத்தில் பாதி காணாமல் போனால், மீதிப் பாதியையே முழு உலகம் என்று நம்பிவிடுகிறான் மனுஷன். டாக்டர் சொன்னதை ஸ்டீவும் கேட்டான். அதெல்லாம் ஆஸ்பத்திரியில் இருந்தபோது, இப்போது சரியாகிவிட்டது என்று அவனே முடிவு கட்டிக்கொண்டான்.

தட்டில் வலப்பக்கத்துச் சோற்றை வழித்துச் சாப்பிட்டுவிட்டு, இன்னும் கொஞ்சம் போடு என்பான். இடப்பக்கத்துச் சோறு அப்படியே இருக்கும். ரூபி ஒன்றும் சொல்லமாட்டாள். குழம்பு ஊற்றுகிற சாக்கில் இடப்பக்கம் வலப்பக்கம் வரும்படி தட்டைச் சுற்றி வைப்பாள். அவன் அதையும் சாப்பிட்டு ஏப்பம் விடுவான். அது அவளுக்குக் கைப்பழக்கமாகவே ஆகிவிட்டது. அவளுக்கு வேலை ஓசூர் ரோட்டில் ஓர் எலக்ட்ரானிக்ஸ் கம்பெனியில். பூதக்கண்ணாடி வழியாக சர்க்யூட் போர்டுகளைப் பார்த்து, குறை உள்ளதில் சிவப்பு ஸ்டிக்கர் ஒட்டி ஒதுக்குவாள். அவள் கண்ணுக்குத் தப்பி ஒன்றும் போகாது என்று லைனில் பேர் எடுத்தவள். கம்பெனி பஸ்ஸை விட்டு இறங்கி வீட்டுக்குள் வந்ததும், குறையை மூடி வைப்பதே அவள் வேலையாகிவிட்டது.

பர்கூரில் இன்ஜினியரிங் படித்து முடித்து ரூமைக் காலி செய்த பையனிடம் பழைய கம்ப்யூட்டர் ஒன்று வாங்கினார்கள். அதில் இருந்ததுதான் அந்தக் கோட்டை விளையாட்டு. நடுவில் கோட்டை, சுற்றிலும் வயல், காடு. நெல் சேர்க்க வேண்டும், மரம் வெட்ட வேண்டும், மதில் கட்ட வேண்டும், படை வரும்போது வில்லாளிகள் தயாராக இருக்க வேண்டும். ஈஸியில் எதிரி கிழக்கு வாசலுக்கு மட்டும் வருவான். நார்மலில் அதே வாசலுக்குப் பெரும்படையோடு வருவான். ஹார்டில் கிழக்கே சண்டை நடக்கும்போதே மேற்கிலிருந்தும் ஒரு படை வரும்.

ஈஸியை ஸ்டீவ் ஊதித் தள்ளினான். நார்மலில் கொஞ்சம் திணறினாலும் பிடித்துவிட்டான். முதலில் களஞ்சியம், பிறகு மதில், கடைசியில்தான் படை என்று அவன் வைத்த கணக்கு பிசகவே இல்லை. பல டன் கல்லை அந்தரத்தில் நிறுத்தி ஆடாமல் இறக்குகிறவனுக்குப் பொறுமைக்கா பஞ்சம்? ஒவ்வொரு லெவல் ஏறும்போதும் அவன் முகத்தில் பழைய களை கொஞ்சம் திரும்பியது. ஹார்டில் ஜெயித்தால் வேலைக்குப் போவேன் என்று அவனே ஒரு நிபந்தனை போட்டுக்கொண்டான். நியாயமான நிபந்தனை என்றுதான் ரூபிக்கும் பட்டது.

ஹார்டில் தோற்றான். திரும்பத் திரும்பத் தோற்றான். கிழக்கு வாசலில் எதிரியை விரட்டிக்கொண்டிருக்கும்போதே பின்னால் களஞ்சியம் எரிந்துவிடும். அந்த மேற்குப் படை திரையின் இடது ஓரத்தில் நிதானமாக ஊர்ந்து வருவதை ரூபி ஒவ்வொரு முறையும் பார்ப்பாள். ஓரிரு தடவை சொன்னாள். நீ சொல்லிக் கொடுத்து நான் ஜெயிப்பதா என்று எரிந்து விழுந்தான். கம்ப்யூட்டர் ஏமாற்றுகிறது என்றான். ஒரு சாயங்காலம் கீபோர்டுக்குப் பக்கத்தில் தலையைக் கவிழ்த்துக்கொண்டு அழுதான்.

"இனிமே நான் எதுக்கும் லாயக்கில்ல ரூபி."

அவளால் அதைத் தாங்க முடியவில்லை. அடுத்த நாள் ஆட்டத்தைத் தொடங்கி வைக்கும்போது நார்மலை அழுத்திவிட்டு, ஹார்ட் வைத்திருக்கிறேன் என்று சொன்னாள். லெவலை மாற்றும் பட்டன் திரையின் இடது மூலையில் இருந்தது. அப்படி ஒன்று அங்கே இருப்பதே அவனுக்குத் தெரியாது. ஆட்டத்தைத் தொடங்கி வைப்பது எப்போதும் அவள்தான். ஒரு தடவை ஜெயிக்கட்டும், மனசு தேறட்டும், பிறகு மெதுவாகச் சொல்லிக்கொள்ளலாம் என்று நினைத்தாள். அவன் கோவிந்தப்பனுக்குப் போன் போடுவான் என்று நினைக்கவில்லை.

சர்டிபிகேட் கொடுத்தது வேறொரு டாக்டர். அவர் பிரஷர் பார்த்தார், சுவரில் இருந்த எழுத்துகளைப் படிக்கச் சொன்னார், நடக்கச் சொன்னார். எல்லாவற்றிலும் பாஸ். பழைய அடியைப் பற்றி ஸ்டீவும் வாய் திறக்கவில்லை. கூடப் போன ரூபியும் சேலைத் தலைப்பைத் திருகிக்கொண்டு சும்மா இருந்தாள்.

சனிக்கிழமை சாயங்காலம் வெங்கட் வந்தான். யார்டில் ஸ்டீவுக்குக் கூட்டாளி. கீழே நின்று கல்லுக்குச் சங்கிலி மாட்டி, மேலே கேபினில் இருக்கும் ஸ்டீவுக்குக் கையால் சிக்னல் காட்டுகிறவன். வீட்டில் தெலுங்கு பேசுகிறவன். ரூபியை வதினா, அதாவது அண்ணி என்றுதான் கூப்பிடுவான். அந்த யார்டில் ஒரு வழக்கம் உண்டு. அடிபட்டுப் போய்த் திரும்பி வருகிற ஆபரேட்டர் முதல் கல்லைத் தூக்கும்போது, அவனுடைய பழைய கூட்டாளியேதான் கீழே நிற்க வேண்டும். உன் கையை நம்புகிறேன் என்று வாயால் சொல்வதற்குப் பதில் அப்படி நின்று காட்டுவார்கள். இத்தனை நாள் வேறு ஷிப்டில் இருந்த வெங்கட், அதற்காகவே திங்கட்கிழமைக்கு ஷிப்ட் மாற்றி வாங்கியிருந்தான்.

காபி கொடுக்கும்போது, எந்தப் பக்கம் நிற்பாய் என்று சும்மா கேட்பது போலக் கேட்டாள் ரூபி.

"எப்பவும்போலதான் வதினா. அண்ணனுக்கு இடது கைப்பக்கம். அண்ணன் என்னைப் பாக்காம கல்ல நகத்தமாட்டாரு, அந்த தைரியம்தான்."

வெங்கட் சிரித்துக்கொண்டே போய்விட்டான். கோவிந்தப்பனிடம் ரகசியமாகச் சொல்லிவிடலாமா என்று ரூபி யோசித்தாள். அதுவும் ஸ்டீவின் முதுகுக்குப் பின்னால் செய்கிற காரியம்தான். அந்த மாதிரி செய்தது போதும் என்று இருந்தது. தன்மேல் அவளுக்கே அருவருப்பாக இருந்தது. இரக்கம் என்ற பேரில் ஒரு மனுஷனைக் கல்லுக்கு அடியில் கொண்டுபோய் நிறுத்தியிருக்கிறாள்.

ஞாயிற்றுக்கிழமை சர்ச் பூசையில் ஸ்டீவ் நன்றிக் காணிக்கை போட்டான். வீட்டுக்கு வந்ததும், சாப்பாட்டுக்கு முன்னால் ஓர் ஆட்டம் போடலாம், தொடங்கி வை என்றான். ரூபி இடது மூலையில் ஹார்டை அழுத்தினாள். இந்தத் தடவை உண்மையாகவே ஹார்ட்.

களஞ்சியம் எரிந்தது. ஸ்டீவ் சிரித்தான். பார்த்தாயா, மறுபடியும் ஏமாற்ற ஆரம்பித்துவிட்டது என்றான்.

"இன்னிக்குத்தாங்க ஹார்ட் வெச்சன். அன்னிக்கு நீங்க ஜெயிச்சது நார்மல். நான்தான் மாத்தி வெச்சன்."

சிரிப்பு நின்றது. அவளை ஏற இறங்கப் பார்த்தான். நான் வேலைக்குப் போவது உனக்குப் பயம், அதற்காகக் கதை கட்டுகிறாய் என்றான். குரலை உயர்த்தவில்லை. உயர்த்தியிருந்தால் அவளுக்குச் சுலபமாக இருந்திருக்கும். அவள் சமையல்கட்டுக்குப் போய்ச் சாப்பாடு போட்டுக்கொண்டு வந்தாள். தட்டு நிறையச் சோறு, இடப்பக்கம் ஆட்டுக்கறி.

கோபத்தோடு சாப்பிட்டான். வலப்பக்கத்துச் சோற்றை ரசம் ஊற்றிக் காலி செய்தான். ஞாயிற்றுக்கிழமையும் அதுவுமாகக் கறி எடுக்கவில்லையா என்று கேட்டான். ரூபியின் கை தானாகவே தட்டுப் பக்கம் போனது. இழுத்துக்கொண்டாள்.

"சாப்ட்டு முடிச்சிட்டீங்களா?"

"ஆச்சி. தட்டுல இன்னா இருக்குது?"

அவன் பார்த்துக்கொண்டிருக்கும்போதே தட்டைப் பிடித்து மெதுவாகச் சுற்றினாள். பாதித் தட்டுச் சோறு, கை படாமல், கறித்துண்டுகளோடு அவன் முன்னால் வந்து நின்றது.

ஸ்டீவ் ஒரு கறித்துண்டை விரலால் தொட்டுப் பார்த்தான். அவன் முகம் சுருங்கிக்கொண்டே போனது.

"எத்தன நாளா இப்படி?"

"ஆஸ்பத்திரியில இருந்து வந்ததுல இருந்துங்க. நான்தான் சுத்திச் சுத்தி வெச்சன்."

தன்னைத் திட்டுவான் என்று எதிர்பார்த்தாள். திட்டவில்லை. இடது கையைத் தூக்கி, அது யாருடைய கையோ என்பது போலப் பார்த்தான்.

"வெங்கட் இந்தப் பக்கந்தானே நிப்பான்."

அவள் தலையாட்டினாள். போன் எங்கே என்று கேட்டான். அது அவனுக்கு இடப்பக்கம் மேஜை ஓரத்தில் இருந்தது. எடுத்துக் கொடுக்க ரூபிக்குக் கை பரபரத்தது. கொடுக்கவில்லை. அவன் தலையைத் திருப்பினான், போதவில்லை. இன்னும் திருப்பினான். தோளையும் சேர்த்துத் திருப்பி, மேஜையை ஓரம்வரைக்கும் தடவிக்கொண்டு போய், கடைசியில் போனைக் கண்டுபிடித்தான். கோவிந்தப்பனிடம் பிறகுதான் பேசினான். முதலில் வெங்கட்டைக் கூப்பிட்டான்.

"வெங்கட், நாளைக்கி என் கல்லுக்குக் கீழ நிக்காதடா. நான் சொல்ற வரைக்கும் நிக்காத."

மறுமுனையில் வெங்கட் ஏதேதோ கேட்டான். ஸ்டீவ் போனை வைத்துவிட்டுத் தட்டைப் பழையபடி திருப்பினான். சோறும் கறியும் மறுபடி இடப்பக்கம் போயின. ரூபி எதிரில் உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தாள். ஸ்டீவ் தலையைச் சாய்த்து, தட்டின் இடது விளிம்பை விரலால் தேடித் தேடி, ஒவ்வொரு கவளமாக எடுத்துச் சாப்பிட ஆரம்பித்தான்.