யாருடைய வீக்கம்

"ஏம்மா நீலாவதி, பசு கன்னு போட்டதை எதுக்கு எழுதியிருக்கே?"

"அந்தம்மா சொன்னாங்க சார்."

"வயித்து வலி அந்தம்மாவுக்கா, பசுவுக்கா?"

"கன்னுக்குட்டியை இழுக்கக் குனிஞ்சப்போதான் வலி வந்துச்சுன்னு..."

"வலி எங்கே, எப்போலேர்ந்து. அது போதும். மாடு வேண்டாம்."

இது திங்கட்கிழமை ஆஸ்பத்திரியில் நடந்தது. மறுநாள் நீலாவதி மாட்டை விட்டாள், மாமியார் சண்டையை விட்டாள், மழையில் ஒழுகிய கூரையை விட்டாள். டாக்டர் வாயிலிருந்து வந்ததை மட்டும் எழுதினாள். டாக்டர் பக்தவத்சலம் சீட்டைப் பார்த்துவிட்டு மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார்.

"காய்ச்சல், மாத்திரை. இவ்வளவுதானா? நோயாளி சொன்னது எங்கேம்மா? குளிர் வந்துதா, நடுக்கம் வந்துதா? மலேரியாவா இல்லையான்னு நான் சோழி உருட்டிப் பார்க்கணுமா?"

எழுதினாலும் குற்றம், எழுதாவிட்டாலும் குற்றம்.

முன்பு சீட்டு எழுதிக்கொண்டிருந்த கம்பவுண்டர் சிவஞானம் வேலையை விட்டுவிட்டுத் தீவிலிருந்து கப்பலேறி மெயின்லேண்டுக்கே போய்விட்டார். அந்த இடத்தில்தான் பள்ளிப் படிப்பு முடித்த நீலாவதியை உட்கார வைத்திருந்தார்கள். புறநோயாளி ஒவ்வொருவருக்கும் ஒரு சீட்டு. மேல் பாதியில் நோயாளி சொல்வது, கீழ்ப் பாதியில் டாக்டர் பார்ப்பது, அடியில் மருந்து. கேட்க எளிதாகத்தான் இருந்தது. ஆனால் வருகிறவர்கள் பாதி இந்தியும் பாதி சொந்த மொழியுமாகப் பேசினார்கள். டாக்டர் இங்கிலீஷில் மளமளவென்று சொல்லிக்கொண்டே போனார். அதற்குள் அடுத்த ஆள் ஸ்டூலில் உட்கார்ந்து நாக்கை நீட்டிக்கொண்டிருந்தார்.

"சனிக்கிழமை வரைக்கும் பார்க்கிறேன்" என்று சொல்லியிருந்தார் டாக்டர். "சரிப்பட்டு வந்தா வெச்சுக்கறேன். இல்லேன்னா கோவிச்சுக்கக் கூடாது."

சாத்தம் மர ஆலையில் வேலை பார்க்கும் அண்ணன் ஜம்புலிங்கம் அதைவிடத் தெளிவாகச் சொல்லியிருந்தான்.

"வேலை நிலைச்சா இங்கேயே இரு. இல்லேன்னா அடுத்த கப்பல்ல பெரியக்கா வீட்டுக்குப் போயிடு. புள்ளைங்களைப் பார்த்துக்க ஆளில்லேன்னு அவ காகிதம் மேல காகிதமா போடறா."

பெரியக்கா வீட்டில் பொழுது விடிந்தால் அடுப்பு, அடைந்தால் தொட்டில். அங்கிருந்து தப்பித்துத்தான் கடல் தாண்டி இந்தத் தீவுக்கு வந்திருந்தாள்.

சனிக்கிழமை வந்தது. கூட்டம் குறையும் நேரத்தில் ரம்ஜான் பீவி வந்து உட்கார்ந்தார். ஃபெர்ரிப் படகில் போகவேண்டிய அக்கரையில், பம்பூஃபிளாட்டுக்கும் அப்பால், குடியேறியவர்களின் வரிசை வீடுகள் நடுவே அவர் கணவர் ஜெய்னுலாப்தீன் மளிகைக் கடை வைத்திருந்தார்.

"சொல்லுங்க பீவியம்மா, என்ன பண்ணுது?"

"என்ன பண்ணலேன்னு கேளு மவளே! இருமலு விடவே மாட்டேங்குது. மூலம் வேற, உட்கார முடியலே."

"உட்கார்ந்துதானே இருக்கீங்க?"

"எழுதிக்கம்மா, கேள்வி கேக்காதே. ரெண்டு காலும் வீக்கம். முகமும் உப்பியிருக்கு. தலைவலி மண்டையைப் பிளக்குது. கண்ணு முன்னால பூச்சி பறக்குது. அப்புறம்... ஆங், சொறி சிரங்கு."

நீலாவதி நிமிர்ந்து பார்த்தாள். முகம் ஒட்டி உலர்ந்திருந்தது. காதில் விழுவதை எழுதுவதா, கண்ணில் படுவதை எழுதுவதா? நோயாளி சொல்வது மேல் பாதி என்றுதானே டாக்டர் சொன்னார்? ஒன்றுவிடாமல் எழுதினாள்.

டாக்டர் படித்தார். குனிந்து பீவியின் காலைப் பார்த்தார். விரலால் அழுத்தினார். முருங்கைக் குச்சி போலிருந்தது கால்.

"வீக்கம் எங்கேம்மா?"

"சாயந்திரமானா வரும் டாக்டரே."

ரத்த அழுத்தம் பார்த்தார். கண்ணை விரித்துப் பார்த்தார். மார்பில் குழல் வைத்துக் கேட்டார்.

"இருமல் மட்டும்தான் இருக்கு. மத்ததை அடிச்சிடு நீலாவதி. இல்லாத நோயை எல்லாம் ஏம்மா எழுதறே? யார் எது சொன்னாலும் எழுதிடறதா? இன்னிக்கு சனிக்கிழமை, ஞாபகம் இருக்கா?"

ஞாபகம் இல்லாமலா! ஒவ்வொரு வரியாக அடித்தாள். 'வீக்கம் இல்லை' என்று கீழே எழுதினாள்.

இருமல் மருந்து பாட்டிலோடு வாசலுக்குப் போன பீவி, ஜன்னல் வழியாகக் கையாட்டி அவளைக் கூப்பிட்டார்.

"என்ன மவளே, வீக்கத்தைப் போய் அடிச்சிட்டே! மூலத்தை அடிச்சிருக்கலாம், அவரு தாங்கிக்குவாரு."

"எவரு?"

"எங்க வீட்டுக்காரரு."

"மூலம் உங்களுக்கு இல்லையா?"

"எனக்கு எதுக்கு மூலம்? எனக்கு இருமலு. சிரங்கு பக்கத்து வீட்டு பெங்காலிக்காரன் மவனுக்கு. எங்க லைன்ல ஒருத்தி ஃபெர்ரி ஏறினா எல்லாரு நோவு பேமாரியும் சேர்த்துத்தான் எடுத்தாருவா. எல்லாரும் வந்தா வயல் வேலை என்னாவுறது? சிவஞானம் இருந்தவரைக்கும் கண்டுக்காம மருந்து தவாய் கொடுப்பாரு. இப்போ 'நேரில் வராதவருக்கு மருந்து இல்லை'ன்னு உங்க டாக்டரு போர்டு மாட்டிட்டாரு. அதான் எல்லாத்தையும் எனக்குன்னு சொல்றேன். புரியுதா?"

நீலாவதிக்குப் புரிவது போலவும் இருந்தது, புரியாதது போலவும் இருந்தது.

"அப்போ காலு வீக்கம்?"

"கடைசி வீட்டு சந்திரமதிக்கு. ஏழு மாசம். புருஷன் காட்டுல மரம் வெட்டப் போயிருக்கான். நேத்திலேர்ந்து கண்ணு தெரியலே, பூச்சி பறக்குதுங்குறா. சரி, ஃபெர்ரி போயிடும், நான் வாரேன்."

ஏழு மாசம். உள்ளே போய்ச் சொன்னால், தான் எழுதியதும் தப்பு, அடித்ததும் தப்பு என்று ஆகும். இன்றைக்கு சனிக்கிழமை. சொல்லாவிட்டால் சீட்டு சுத்தமாக இருக்கும். டாக்டர் சொன்னபடி இருக்கும். ஆனால் அந்தக் கால்? அது யாருடைய சீட்டில் போகும்?

"பீவியம்மா, ஒரு நிமிஷம் நில்லுங்க!"

டாக்டர் கை கழுவிக்கொண்டிருந்தார்.

"சார், அந்த வீக்கம் இருக்கு சார்."

"மறுபடியுமா? நான்தான் பார்த்தேனே!"

"இவங்க கால்ல இல்லே சார். இன்னொருத்தங்க கால்ல."

"இன்னொருத்தர் வீக்கத்தை இந்தம்மா சீட்டுல ஏன் எழுதினே?"

"தெரியாம எழுதிட்டேன் சார். மூலம்கூட இவங்களோடது இல்லே. சிரங்கு பெங்காலிப் பையனோடது. இருமல் மட்டும்தான் இவங்களோடது."

"என்னம்மா உளர்றே?"

"வீங்கினவங்க ஏழு மாசம் சார்."

டாக்டர் துண்டைக் கீழே போட்டார். "தலைவலியும்?"

"அவங்களுக்குத்தான்."

"கண்ணுல பூச்சி?"

"அதுவும்."

"அடக் கடவுளே! வலிப்பு வர்றதுக்கு முன்னாடி கூட்டிட்டு வந்துடணும். இங்கே வந்துட்டா காப்பாத்திடலாம். நர்ஸ் சுசீலாவைக் கூப்பிடு. என் பை எங்கே?"

நீலாவதி பையை எடுத்துக் கொடுத்தாள். பிறகு சீட்டுக் கட்டோடு அவர் எதிரில் போய் நின்றாள்.

"இதை எப்படி எழுதறது சார்? ஆள் வரலையே."

"எழுதாதே."

அவள் கட்டை மேஜையில் வைத்தாள்.

"இரு, இரு. எழுதாம மருந்து எப்படிக் கொடுக்கறது? எழுது."

"மேல் பாதியிலயா சார், கீழ்ப் பாதியிலயா?"

டாக்டர் போர்டைப் பார்த்தார், பீவியைப் பார்த்தார்.

"எனக்கே குழப்பமா இருக்கும்மா. மேல் பாதியை இந்தம்மாவைக் கேட்டு எழுது. கீழ்ப் பாதியை அங்கே போய்ப் பார்த்துக்கலாம். கட்டோட கிளம்பு."

"அப்ப அந்த மூலத்துக்கும் ஒரு சீட்டு..." என்றார் பீவி.

"முதல்ல நடங்கம்மா!"

சாத்தம் படகுத்துறையில் ஃபெர்ரி புறப்படத் தயாராக நின்றது. ஆலையிலிருந்து சாப்பாட்டுக்கு வந்த ஜம்புலிங்கம், தங்கை படகில் ஏறுவதைப் பார்த்து ஓடி வந்தான்.

"ஏய் நீலா! எங்கே போறே?"

"அக்கரைக்கு, வேலையா."

"வேலை கிடைச்சிருச்சா?"

"தெரியலைண்ணே!"

"இதென்னடி பதில்? கிடைச்சுதா இல்லையா? கப்பலுக்குச் சொல்லணுமா வேணாமா?"

உள்ளே உட்கார்ந்திருந்த டாக்டர் தலையை நீட்டினார்.

"ஏன்யா, கப்பலுக்கு எதுக்கு? திங்கட்கிழமை இவ ஆஸ்பத்திரியில இருக்கணும். ஃபெர்ரி கிளம்பட்டும், ஜல்தி!"

படகு அசைந்தது. நீலாவதி சீட்டுக் கட்டை முழங்காலில் வைத்து, காற்றில் பறக்காமல் உள்ளங்கையால் அழுத்திக்கொண்டாள்.

"பீவியம்மா, சொல்லுங்க. பேரு?"

"என் பேருதான் உனக்குத் தெரியுமே."

"உங்க பேரில்லே. வீங்கினவங்க பேரு."

"அப்படிக் கேளு. சந்திரமதி."

"வயசு?"

"அவ வயசை நான் எப்படி மவளே சொல்றது!" என்றார் ரம்ஜான் பீவி.