விரல் நோகாத கருவி

விடாது பெய்த மழை ஓய்ந்தும் முகில் கலையாத பிற்பகலில், கூரை விளிம்புகள் சொட்டிக்கொண்டிருக்க, வண்டித்தடங்களில் தேங்கிய கலங்கல் நீர் வானின் சாம்பல் நிறத்தைத் திருப்பிக் காட்ட, மரத்தூளும் பசையும் மணக்கும் கித்தார்ப் பணிமனைத் தெருவிலே, இரு கைகளையும் மேலங்கிப் பைக்குள் ஒளித்தபடி முதியவர் ஒருவர் நடந்து வந்தார். நாற்பதாண்டுகள் ஊசி பிடித்துப் பிறர் உடலுக்கு அழகு தைத்துக் கொடுத்த அந்தத் தையற்காரரின் விரற்கணுக்கள், நீரில் ஊறிய மரமுடிச்சுகள் போல் வீங்கி விறைத்திருந்தன.

அறிவுடையீர், அவர் இசையின்பம் நாடி வந்தாரல்லர். நினைவெல்லாம் ஒவ்வொன்றாய் உதிர்ந்து, கொண்ட கணவரையே வேற்றாளென்று அஞ்சி ஒடுங்கும் அவர் மனைவி, அவர் கித்தார் மீட்டும்பொழுது மட்டுமே வாய் திறந்து உண்பார். அதன் இறுகிய நரம்புகளை அழுத்தமாட்டாது அவர் விரல்கள் தோற்றுப் பதினொரு நாள்கள் ஆகியிருந்தன. அந்நாள்களில் அவ்வம்மையின் தொண்டைக்குள் இறங்கியவை சில மிடறு பால் மட்டுமே.

அவர் நுழைந்த பணிமனையில் கித்தார் செய்யும் பெண்மணி, கருவி எதையும் எடுக்காமல், "முதல்ல கையைக் காட்டுங்க ஐயா" என்றார்.

"காட்டுற மாதிரியா இருக்கு? கசங்கின துணி மாதிரி ஆயிடுச்சு."

"எங்க வலிக்குது?"

"எங்க வலிக்கலைன்னு கேளும்மா, சீக்கிரம் சொல்லிடுவேன்."

முதற்கருவியின் கழுத்து தடித்திருந்தது; அடுத்ததில் நரம்புகள் உயர்ந்து நின்றன; மூன்றாவதன் அகன்ற உடல் அவர் தோளை வருத்தியது. நான்காவதோ சிறிய உடலும் ஒடுங்கிய கழுத்தும் கொண்டு, மென்னரம்புகள் பலகையோடு ஒட்டினாற்போல் தாழ்ந்து கிடக்க, அவர் மடியில் அடங்கி அமர்ந்தது. அழுத்தினார், வலித்தது, எனினும் தாங்குமளவே வலித்தது.

"சத்தம் சன்னமாத்தான் வரும் ஐயா."

"பரவாயில்லம்மா. கேக்குறவ பக்கத்துலதான் இருக்கா."

அன்று மாலையே கட்டிலருகே அமர்ந்து, மணமான புதிதில் மனைவி விரும்பிக் கேட்ட மெட்டை மீட்டினார். உலர்ந்த உதடுகள் மெல்லப் பிரிந்தன. பாலில் ஊறிய ரொட்டியை மகள் ஊட்ட ஊட்ட, கிண்ணம் ஒழிந்தது. அப்பொழுது அவ்வம்மை, நெடுநாள் கழித்து அவரை நேரே நோக்கி வாய் திறந்தார்.

"நல்லா வாசிக்கிறீங்க. எங்க வீட்டுக்காரரும் வாசிப்பார். இன்னும் நல்லா இருக்கும். அவர் வந்ததும் கேட்டுட்டுப் போங்க."

"அம்மா, இது அப்பாதான்—" என்று பதறிய மகளைக் கையமர்த்தி, "இருந்து கேட்டுட்டே போறேன்" என்றார் அவர்.

பின்னும் பதினான்கு திங்கள், அவ்வம்மையின் மூச்சு அடங்கும் நாள்வரை, நாளும் மும்முறை, தம் இல்லத்திலேயே விருந்தினராய் அமர்ந்து அவர் மீட்டினார். பசித்த வாய்க்கு உணவு சென்றது. ஒருநாளேனும் அவர் பெயர் அவ்வாயினின்று திரும்பி வரவில்லை. அன்பு, தன்னை அறியாதார்க்கும் தொண்டு செய்யும். ஆயினும் படிப்பவரே, அறியப்பட வேண்டுமென்னும் ஏக்கம் அதனை இறுதிவரை விட்டு நீங்குவதில்லை.