கேட் வால்வுச் சக்கரம்

என் கணவர் ஜெரோமுக்குச் சிறுநீரகம் கெட்டதும் டாக்டர் முதலில் குறைக்கச் சொன்னது தண்ணீரைத்தான். ஊரெல்லாம் வீடுகளுக்குக் குழாய் போட்டுக் கொடுத்தவர், ஒரு சில்வர் டம்ளர் தண்ணீரில் பகலையும் இரவையும் ஓட்ட வேண்டியதாயிற்று. அந்த டம்ளருக்குக் காவல் அவருடைய அக்கா அன்னாள் மதினி. அகரத்தில் தன் வீட்டைப் பூட்டிவிட்டு எங்களோடு வந்து இருந்தார். தண்ணீர்ப் பானையைச் சமையலறைக்குள் வைத்து, வாசலை அடைத்துப் பாய் போட்டுப் படுப்பார்.

இரண்டாயிரத்து மூன்று. மழை இல்லாத வருடம். குழாய் தூக்கத் தெம்பில்லாமல் வீட்டோடு இருந்த அந்த மாதங்களில்தான் என் கணவர் கையளவு நீராவி எஞ்சின் ஒன்று செய்ய ஆரம்பித்தார். சாமான்கள் எல்லாம் பேகம்பூர் சைதூன் அக்காவின் ஹார்டுவேர் கடையில் வாங்கியவை.

"என்ன ஜெரோமு, ரயிலு விடப் போறியா?" என்றார் சைதூன் அக்கா.

"திண்டுக்கல்லுல தண்ணி லாரிதான ஓடுது. ரயிலும் ஓடட்டுமே."

எங்கள் பழைய பம்ப் ஸ்டவ்வின் பித்தளைத் தொட்டி கொதிகலன் ஆனது. ஃபிரிட்ஜ் மெக்கானிக் வாங்கும் மெல்லிய செம்புக் குழாய், ஆவி போகும் வழி. விரல் நீளப் பித்தளைக் குழாய் சிலிண்டர். அதற்குள் தேய்த்துத் தேய்த்து நுழைத்த பித்தளைக் கம்பி பிஸ்டன். குழாய்த் தண்ணீரைத் திறந்து மூடும் கேட் வால்வின் வட்டமான சிவப்புக் கைப்பிடிதான் சக்கரம். சிலிண்டர் ஒரு பக்கம் சாயும்போது அதிலிருக்கும் சின்னத் துளை, பின்னாலுள்ள தகட்டின் துளையோடு சேர்ந்து ஆவியை வாங்கும். மறுபக்கம் சாயும்போது வெளியே விடும். "அம்புட்டுத்தான்" என்பார்.

"ஏலே, இந்தப் பொம்மைக்கு அடுப்பையும் பிரிச்சுப்புட்ட. கேஸ் தீந்தா எதுல உலை வைக்க?" என்று மதினி சத்தம் போட்டார்.

"அதுக்குள்ள ஒனக்கு ரயில்லயே சோறு ஆக்கித் தாரேன்க்கா."

தொட்டியில் புனல் வைத்து, செம்பு நிறையத் தண்ணீர் ஊற்றினார். "எனக்குத்தான் அளவு. இதாச்சும் வயிறாரக் குடிக்கட்டும்." மதினி உள்ளே போய்விட்டார்.

மரத்துக்குப் பாலிஷ் போடும் ஸ்பிரிட்டை டப்பாவில் விட்டுக் கொளுத்தினோம். சக்கரம் உதறியது, நின்றது. மறுபடியும் உதறி நின்றது. சிலிண்டரைத் தகட்டோடு அழுத்தும் ஸ்பிரிங் இறுக்கம் என்று கண்டுபிடித்தார். அதைக் கழற்றி, பேனாவிலிருந்து ஒரு ஸ்பிரிங் எடுத்துப் போட்டார். ஸ்பிரிட் தீர்ந்திருந்தது. விடிந்தால் ரத்தம் சுத்தம் செய்ய மதுரைக்குப் போகவேண்டும்.

"வந்து கொளுத்துவோம் அறிவு. ஒரு தடவ சுத்திட்டாப் போதும்." என்னை அறிவு என்றுதான் கூப்பிடுவார்.

மதுரையில் படுக்கையில் ரத்தம் சுத்தமாகிக்கொண்டிருக்கும்போதே அவருக்கு இதயம் நின்றுவிட்டது.

துக்கம் கேட்க வந்தவர்களில் சிலர், நோயாளி மனுஷன் இரும்போடு மல்லுக்கட்டி உடம்பைக் கெடுத்துக்கொண்டார் என்று என் காதுபடவே சொன்னார்கள். எனக்குத் தெரியவேண்டியது ஒன்றுதான். அவர் கடைசியாகப் போட்ட அந்த ஸ்பிரிங் சரியா? முப்பதாம் நாள் பூசை முடிந்ததும் கொளுத்திப் பார்ப்பது என்று இருந்தேன்.

கோயிலிலிருந்து திரும்பியபோது, முன்பே வீடு வந்திருந்த மதினி அவர் படத்துக்கு முன்னால் எஞ்சினை எடுத்து வைத்திருந்தார். இரண்டு பக்கமும் பித்தளை மெழுகுவர்த்தித் தண்டுகள். மூன்றும் தங்கம்போல் மின்னின. பொம்மை என்று ஏசியவர் அதை அங்கே வைத்ததே எனக்கு ஆச்சரியமாக இருந்தது.

சொந்தக்காரர்கள் சாப்பிட்டுப் போனபின், புதிதாக ஸ்பிரிட் விட்டு நாங்கள் இருவர் மட்டும் கொளுத்தினோம். தொட்டியில் அவர் ஊற்றியிருந்த தண்ணீரின் மிச்சம் கொதித்தது. நான் சக்கரத்தை விரலால் சுண்டிவிட்டேன். அசையவில்லை. மறுபடி சுண்டினேன். அந்தப் பழைய உதறல்கூட இல்லை.

"விடுடி. அவனுக்கே ஓடலியே" என்றார் மதினி.

தீயை அணைத்து, தொட்டியின் காற்றுத் திருகாணியைத் தளர்த்தினேன். ஆவி சீறிப் போனது. சூடு ஆறியதும் சிலிண்டரைக் கழற்றி வெளிச்சத்தில் பிடித்தேன். துளை தெரியவில்லை. அந்த இடத்தில் கருப்பாக என்னவோ காய்ந்து இறுகியிருந்தது. மூக்கருகே கொண்டுபோனேன். புளி.

மதினி என் கையைப் பார்த்தார். "நான்தான் தொலக்குனேன். தண்டோட சேத்து, புளி போட்டு... பித்தளை கறுத்துக் கெடந்துச்சேடி. அவன் முன்னால அப்புடி வைக்க மனசு வரல." தலையில் அடித்துக்கொண்டார்.

"ஸ்டவ் குத்துற பின்னு இருக்கா மதினி?"

அடுப்பைத்தான் பிரித்திருந்தோம், அந்தப் பின் மட்டும் சமையலறை ஆணியிலேயே தொங்கியது. மதினியே அதை எடுத்து, பர்னர் துளையைக் குத்துகிற பழக்கத்தில் சிலிண்டர் துளையையும் தகட்டுத் துளையையும் குத்தினார். ஒரு நார் வந்தது. கழுவி மாட்டி, எண்ணெய் விட்டு மறுபடி கொளுத்தினோம்.

இந்தமுறை மதினிதான் சுண்டினார். சிலிண்டர் தலையாட்டியது. சக்கரம் ஒரு சுற்று தயங்கி, பிடித்துக்கொண்டது. பிறகு கம்பிகள் தெரியாமல் வெறும் சிவப்பாகச் சுற்றியது. டக்டக்கென்ற சத்தம் வீடு முழுக்கக் கேட்டது. அவர் படத்தைப் பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை. சக்கரத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

கொஞ்ச நேரத்தில் வேகம் குறைந்து நின்றது. நான் தீயை அணைத்தேன்.

"என்னடி ஆச்சு?"

"தண்ணி தீந்துபோச்சு மதினி."

மதினி எழுந்து உள்ளே போனார். டம்ளரை எடுக்கவில்லை. பானையையே இடுப்பில் தூக்கிக்கொண்டு வந்து, தொட்டி ஆறும்வரை பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார். பிறகு சுற்றுமுற்றும் தேடினார்.

"புனல எங்கடி வச்சுட்டுப் போனான்?"