எண்ணூறு பேருக்கு உயிர்வாழ் சான்று

ஐந்தாம் தெருக் குடிநீரில் கிருமி இருப்பதை எங்கள் ஆய்வகத்து இயந்திரம் நாற்பதே நிமிடத்தில் சொல்லிவிட்டது. கிருமி உயிரோடு இருக்கிறதா, செத்ததா என்பது மட்டும் அதற்குத் தெரியாது. செத்த கிருமியின் மிச்சத்துக்கும் 'உண்டு' என்றுதான் சொல்லும். அதனால் கிருமியை நேரில் கொண்டுபோய் உயிர்வாழ் சான்று வாங்குவது எங்கள் அலுவலக வழக்கம்.

நான்கு மணிக்குத் தண்ணீர் திறப்பார்கள். மணி மூன்றாகிவிட்டது. அந்தத் தெருவில்தான் என் வீடு. மனைவி மங்கை இரண்டு வயது மகளோடு குழாயடியில் நிற்பாள்.

"வால்வை மூடச் சொல்லுங்க மேடம்" என்றேன், இன்ஜினியர் பியூலாவிடம்.

"செத்ததுக்கெல்லாம் மூடினா ஊரு தாங்குமா? சான்று கொண்டாங்க."

தண்ணீர்க் குப்பியைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு ஓடினேன். வராந்தா நீண்டது. ஓட ஓட நீண்டது. சனியன், நமக்கு அவசரம் என்றால்தான் அதற்கு வளரத் தோன்றும்.

சான்று கவுன்ட்டரில் பென்ஷன்காரர்கள் வரிசை. என் முறை வந்தபோது குமாஸ்தா பிச்சுமணி குப்பியை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார்.

"எத்தனை பேரு?"

"கெளம்பும்போது நூறு. இப்ப நானூறு இருக்கும்."

"ஆளுக்கொரு கைநாட்டு."

கிருமிகள் குப்பியிலிருந்து ஒவ்வொருவராக இறங்கி வைத்தார்கள். தள்ளுமுள்ளு இல்லை. வைத்து முடிப்பதற்குள் எண்ணூறு ஆகிவிட்டார்கள். நான் ஒற்றைக்காலில் குதித்துக்கொண்டிருந்தேன்.

"பெத்துப் பெருகுதுன்னா உசுரோடதான் இருக்கு" என்று பிச்சுமணி முத்திரை குத்தினார். அவரைக் கட்டிக்கொள்ளலாம் போலிருந்தது.

திரும்பும்போது வராந்தா இரண்டே எட்டுதான். நான்குக்கு ஐந்து நிமிடம் இருந்தது. மேடம் சான்றை இரண்டு முறை படித்துவிட்டு, வால்வு திறக்கும் ஞானதிரவியத்துக்குப் போன் போட்டார்.

"அஞ்சாம் தெருவுல எண்ணூறு பேரு கூடுதல். எல்லாரும் உசுரோட இருக்காங்க. இப்பவே தெறந்து விடுங்க, ஒரு மணி நேரம் சேத்து."

"ஐயோ மேடம், அவங்க கிருமி!" என்றேன்.

"இருந்தா என்ன? உசுரோட இருக்கறவங்களுக்குத் தண்ணி இல்லன்னு சொல்ல நான் யாரு?"

மங்கையைப் போனில் கூப்பிட்டேன். "குடிக்காதே! பாப்பாவுக்குக் குடுக்காதே!"

"ஒண்ணும் கேக்கலங்க. இங்க ஒரே கூட்டம். யார் யாரோ புதுசா குடத்தோட வந்திருக்காங்க. தங்கமான மனுஷங்க. முதல் டம்ளரை நம்ம பாப்பாவுக்குத்தான் புடிச்சுக் குடுத்தாங்க."