நடுத்தட்டு

“வூடு எதுமா?” வண்டியை மெதுவாக உருட்டிக்கொண்டே டிரைவர் மறுபடியும் கேட்டான்.

வீடு கண்ணெதிரேதான் இருந்தது. அதை வீடு என்று சொல்லத்தான் கஸ்தூரிக்கு வாய் வரவில்லை. ஓட்டைப் பிரித்து, சாரம் கட்டி, பாதிச் சுவர் பழைய செங்கல்லும் பாதிச் சுவர் புதுக் கல்லுமாக நின்றது. முன்னால் ஜல்லி ஒரு குவியல், மணல் ஒரு குவியல். அதற்குப் பின்னால் நேற்றுக் காலை நிறுத்திய புது வாசல் நிலை, மஞ்சளும் குங்குமமுமாகப் பளபளவென்று இருந்தது. மாவிலைத் தோரணம் இன்னும் வாடக்கூட இல்லை.

“இங்கதாம்பா, நிறுத்து,” என்றாள். பிறகு காலடியில் போர்வைக்குள் கிடந்த புருஷன் பக்கம் குனிந்தாள். “இந்தாய்யா, வந்தாச்சு. உன் வூடு வந்தாச்சு.”

நேற்று இந்நேரம் கண்ணையன் அந்த நிலைக்கடியில் குந்தி, குழியில் நவதானியம் போட்டுப் பால் ஊற்றிக்கொண்டிருந்தார். இன்று காலை மணப்பட்டு வீட்டில் பல் விளக்கிவிட்டு வந்து நாற்காலியில் உட்கார்ந்தவர், “கஸ்தூரி, நெஞ்ச இன்னாவோ பண்ணுது,” என்றார். அவள் சுக்குத் தண்ணி போடலாம் என்று அடுப்படிக்குப் போனாள். சுக்கைத் தட்டிக்கொண்டு திரும்பிப் பார்த்தால் தலை ஒரு பக்கமாகத் தொங்கிக் கிடந்தது. அவ்வளவுதான் மனுஷன். ஆஸ்பத்திரியில் ஏதோ கொண்டுவந்துவிட்டார்களே என்பதற்காகத் தொட்டுப் பார்த்துக் கையை விரித்தார்கள்.

மணப்பட்டு வீடு மகன் கலைவேந்தன் கட்டியது. சனி ஞாயிறு கடல் பார்க்க வருகிறவர்களுக்கு வாடகைக்கு விடலாம் என்று கட்டினான். அரியூர் வீட்டை இடித்துக் கட்டவேண்டிய வேலை வந்ததும், “வேலை முடியற வரைக்கும் அங்க இருங்கப்பா, காத்தோட்டமா இருக்கும்,” என்று இரண்டு பேரையும் சாமான் செட்டோடு கொண்டுபோய் இறக்கினான்.

காற்றுக்கு அங்கே பஞ்சமில்லை. கண்ணையனுக்குத்தான் ஒத்துக்கொள்ளவில்லை. கரும்புக் கொல்லையிலேயே பாதி ஆயுசைக் கழித்தவர். “இன்னாடி இது, ராப்பகலா எவனோ நெல்லு தூத்தறாப்ல சத்தம்,” என்று புரண்டு புரண்டு படுப்பார். கடல் மீன் வாடை ஆகாது, உப்புத் தண்ணியில் சோப்பு நுரைக்காது, எந்த சுவிட்சைப் போட்டால் எது எரியும் என்று தெரியாது. விடிந்தால் போதும், டிவிஎஸ்ஸைக் கிளப்பிக்கொண்டு அரியூர். பொழுது சாய்ந்தால் கால் முழுக்க சிமெண்டுப் பாலோடு திரும்பி வருவார்.

துணிமணிகளைக் கட்டைப்பையை விட்டு எடுக்கவே இல்லை. படுக்கையறை பீரோவில் மேல்தட்டில் தன் புடவைகளை அடுக்கிவிட்டு, நடுத்தட்டை அவருக்கென்று பேப்பர் போட்டு வைத்திருந்தாள் கஸ்தூரி. அது அப்படியே காலியாகக் கிடந்தது. தினமும் பையிலிருந்து ஒரு சட்டையை உருவுவார். துவைத்துக் காய்ந்ததும் மடித்து மறுபடியும் பையிலேயே திணிப்பார்.

“இன்னாயா, பஸ்டாண்ட்ல குந்தியிருக்கறவன் மாதிரி பைய கட்டிக்கினு! பீரோல வெச்சா அது உன் துணிய தின்னுடுமா?”

“வந்த எடத்துல இன்னாத்துக்குடி அடுக்கறது? போற அன்னிக்கு மறுபடியும் எடுக்கணும்.”

ஆனால் கஸ்தூரிக்கு அந்த வீடு பிடித்துப்போயிருந்தது. இத்தனை வருஷத்தில் பக்கத்து வீட்டு ஓரகத்தி எட்டிப் பார்க்காத ஒரு அடுப்படி இப்போதுதான் வாய்த்தது. பக்கத்து வீட்டுக் கண்ணகி மீன் விற்கிறவள். கூடையை இறக்கியதும், “யக்கா, சங்கரா இருக்குது, சட்டிய கொண்டா,” என்று கூப்பிடுவாள். சாயங்காலம் இரண்டு பேரும் மணலில் உட்கார்ந்து ஊர்க்கதை பேசுவார்கள். அரியூர் வேலை இன்னும் கொஞ்சம் இழுத்தால் பரவாயில்லை என்றுகூட அவளுக்குத் தோன்றியது உண்டு. அதை அவரிடம் சொன்னதில்லை.

நேற்று ராத்திரி சொல்லிவிட்டாள். நிலை நிறுத்திய சந்தோஷத்தில் வந்து, “இன்னும் கொஞ்ச நாளுதாண்டி, வூட்டுக்குப் போயிடலாம்,” என்று அவர் பத்துத் தடவை சொல்லியிருப்பார். அலுத்துப்போய், “நீ போய்யா. நான் இங்கயே இருந்துக்கறேன்,” என்றாள். அவர் சோற்றுத் தட்டைப் பார்த்துக்கொண்டே சாப்பிட்டு எழுந்து போனார். அந்த வாய்க்குச் சூடு வைக்கவேண்டும் என்று வண்டியில் வரும்போது முழுக்க நினைத்துக்கொண்டு வந்தாள்.

காலையில் கண்ணகிதான் முதலில் ஓடிவந்தாள். கால்கட்டு, வாய்க்கட்டு எல்லாம் அவள்தான் கட்டினாள். “யக்கா, இங்கயே நடு வூட்ல வெச்சிக்கலாம். எங்க ஊர் ஆளுங்க எல்லாத்தையும் பாத்துப்பாங்க. நாட்டாருங்ககிட்ட நான் பேசறேன்,” என்றாள். கஸ்தூரி கேட்கவில்லை. “இல்ல கண்ணகி. அவரு தன் வூட்டுக்குப் போவணும்னு துடியா துடிச்சாரு. அவரு பொறந்த வூட்லதான் கெடத்துவேன்.” பிடிவாதமாக வண்டி சொல்லச் சொல்லி ஏற்றிக்கொண்டு வந்துவிட்டாள்.

வண்டிக் கதவைத் திறந்ததும் கண்ணையனின் அண்ணன் சிங்காரவேலு துண்டால் வாயைப் பொத்திக்கொண்டு ஓடிவந்தார். “தம்பி! நேத்து சிரிச்சிக்கினு போனியேடா!” என்று தம்பியின் காலைப் பிடித்துக்கொண்டு கதறினார். தெருவே கூடிவிட்டது. கலைவேந்தன் அழுது வீங்கின முகத்தோடு வந்து அம்மாவைக் கட்டிக்கொண்டான்.

நாலு பேர் ஸ்ட்ரெச்சரைத் தூக்கினார்கள். தூக்கினவர்கள் எங்கே போவது என்று தெரியாமல் நின்றார்கள்.

“உள்ள எடுத்துக்கினு போங்க,” என்றாள் கஸ்தூரி.

யாரும் நகரவில்லை. சிங்காரவேலு துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். “இன்னாமா பேசற? எந்த வழியா எடுத்துக்கினு போறது?”

“வாசல் வழியாத்தான்.”

“நேத்துதான் நிலை வெச்சிருக்குது. நிலை வெச்சா அது புது வூடும்மா. பசுமாடு போவல, பால் காச்சல. குடி போவறதுக்கு முன்ன அந்த நிலைக்குள்ள பொணத்த எடுத்துக்கினு போனா வெளங்குமா?”

“எது புது வூடு? அவங்கப்பா கட்டின வூடு மாமா இது! அந்த மூலையிலதான் இவரு பொறந்தாரு. உங்களுக்குத் தெரியாதா?”

“தெரியாம இன்னா. நானும் அங்கதான் பொறந்தேன்,” என்றார் அவர். “முந்தாநாள் ஆயிருந்தா ஒரு பேச்சும் இல்ல. என் வூட்டு வாசல்ல வெச்சிக்கலாம், வா.”

“சொந்த வூட்ட எதிர்ல வெச்சிக்கினு அண்டை வூட்லயா? வேணாம்.” கஸ்தூரி சுற்றிலும் பார்த்தாள். விஷயம் தெரியாமல் காலையில் வேலைக்கு வந்துவிட்டு, மண்வெட்டியும் கையுமாக ஓரத்தில் நின்ற பாக்யராஜ் மேஸ்திரி கண்ணில் பட்டான். “மேஸ்திரி, அந்த நிலைய புடுங்கு.”

மேஸ்திரி மண்வெட்டியைக் கீழே வைத்தான்.

“யக்கா…”

“புடுங்குன்றேன்! நிலை இருந்தாத்தான புது வூடு? எடுத்துட்டா பழைய வூடுதான? அவர உள்ள கெடத்தி, எடுத்துக்கினு போன அப்புறம் மறுபடியும் வெச்சிக்கோ. முடியுமா, முடியாதா?”

பாக்யராஜ் நிலையைப் பார்த்தான், பிறகு கலைவேந்தனைப் பார்த்தான். “நேத்து வெச்சதுதான். இன்னும் எறுகல. கடப்பாறைய போட்டா வந்துடும்,” என்றான் மெல்லிய குரலில்.

“கொண்டா கடப்பாறைய.”

“அம்மா,” என்றான் கலைவேந்தன். அப்பனைத் தெருவில் போட எந்தப் பிள்ளைக்கு மனசு வரும். ஆனாலும், “சரண்யாவுக்கு ஏழாம் மாசம்மா,” என்றான்.

மருமகள் சரண்யா வளைகாப்பு முடிந்து மூலக்குளத்தில் தாய் வீட்டில் இருந்தாள். பிள்ளைத்தாய்ச்சி பிணத்தைப் பார்க்கக் கூடாது என்று அவளைக் கூட்டி வரவில்லை. இந்த வீட்டு வேலையை அடித்துப் பிடித்து நடத்தியதே அவள் பிள்ளையோடு வந்து இறங்குவதற்குத்தான்.

கஸ்தூரி ஜல்லிக் குவியலில் கால் சறுக்கச் சறுக்க ஏறி இறங்கி நிலையருகில் போனாள். பக்கவாட்டு மரத்தைப் பிடித்தாள். அழுத்தினால் அசையும்போல்தான் இருந்தது. அடியில் சிமெண்டு இன்னும் ஈரமாகக் கறுத்திருந்தது. அதன் ஓரத்தில் நேற்று கண்ணையன் ஊற்றிய பால் வழிந்து காய்ந்த வெள்ளைத் தடம்.

பால் ஊற்றிவிட்டு எழுந்தவர் இடுப்பைப் பிடித்துக்கொண்டு, “மொத மொதல்ல இந்த வாசல்ல என் பேரப்புள்ளதான் வரணும். அது வந்த அப்புறந்தான் நாமெல்லாம். சொல்லிட்டேன்,” என்று எல்லாருக்கும் கேட்கிற மாதிரி சொன்னார். மேஸ்திரிகூட சிரித்தான். “நடந்து வர்ற வரைக்கும் வெளியவே நிப்பியாண்ணே?” என்றான். “நிப்பேன். இன்னா இப்போ?” என்றார் கண்ணையன்.

பாக்யராஜ் கடப்பாறையோடு வந்து பக்கத்தில் நின்றான். “சொல்லுக்கா. இன்னா செய்யட்டும்?”

கஸ்தூரிக்கு அழுகை அப்போதுதான் வந்தது. ஆஸ்பத்திரியில் வரவில்லை, வண்டியில் வரவில்லை. நிலையில் நெற்றியை முட்டிக்கொண்டு, “பாவி, இப்டி சொல்லி வெச்சிட்டுப் போயிட்டியேயா! நான் இன்னாத்த செய்வேன்? கூப்ட்டுக்கினு வந்துட்டு வெளிய நிக்க வெச்சிட்டேனே!” என்று அலறினாள். குங்குமம் நெற்றியெல்லாம் அப்பிக்கொண்டது. பெண்கள் வந்து தாங்கிப் பிடித்து நகர்த்தினார்கள்.

“வேணாம் மேஸ்திரி,” என்றாள் போகும்போது. “இருக்கட்டும்.”

தெருவில்தான் ஷாமியானா போட்டார்கள். மணலும் ஜல்லியும் பாதித் தெருவை அடைத்திருந்ததால் ஐஸ் பெட்டியை ஓரமாக வைக்கவேண்டியிருந்தது. போகிற வருகிற பைக்கெல்லாம் வேகத்தைக் குறைத்து, எட்டிப் பார்த்துவிட்டுப் போயிற்று. தலைமாட்டில் உட்கார்ந்த கஸ்தூரிக்கு நிமிர்ந்தால் அந்த நிலைதான் தெரிந்தது. அதன் வழியாகப் பார்த்தால் கூரையில்லாத கூடமும், அதற்கு மேல் வெறும் வானமும்.

மதியம் மீன் ஏற்றுகிற டாடா ஏஸில் கண்ணகியும் மணப்பட்டுப் பெண்கள் சிலரும் வந்து இறங்கினார்கள். கண்ணையனோடு நாலு வார்த்தைகூடப் பேசியிராதவர்கள் மாரில் அடித்துக்கொண்டு அழுதார்கள். “இன்னாக்கா, ரோட்ல போட்டிருக்குது?” என்று கண்ணகி காதோடு கேட்டாள். கஸ்தூரிக்கு நெஞ்சில் ஈட்டியை இறக்கினதுபோல் இருந்தது.

குளிப்பாட்டத் தண்ணீர் வேண்டியிருந்தது. வீட்டுக் குழாயை வேலைக்காகக் கழற்றிப் போட்டிருந்தார்கள். பாக்யராஜ் சுவருக்கு அடிக்க வைத்திருந்த பேரல் தண்ணீரைக் குடம் குடமாக மொண்டு கொண்டுவந்து ஊற்றினான். வெயில் சாயத் தொடங்கும் நேரத்துக்குப் பாடை கிளம்பியது. பெண்கள் தெருமுனை வரை போய்த் திரும்பினார்கள்.

சுடுகாட்டிலிருந்து ஆண்கள் வந்ததும் சிங்காரவேலு கஸ்தூரியின் எதிரில் வந்து நின்றார். தலை குனிந்திருந்தது. “உசுரு பிரிஞ்ச எடத்துலதாம்மா வெளக்கு எரியணும். கருமாதி வரைக்கும் அணையக் கூடாது. நீ அங்கதான் போயாவணும். விடிஞ்சா பால் தெளிக்கணும், கலை இங்க இருக்கட்டும்.”

அவள் தலையாட்டினாள். இங்கே இருக்கிறேன் என்று சொல்ல அவளுக்கு இங்கே என்ன இருக்கிறது?

கண்ணகியோடு டாடா ஏஸின் முன்சீட்டில் உட்கார்ந்து வந்தாள். பாகூர் ஏரிக்கரை தாண்டும்போது கரும்பு வெட்டின கொல்லையில் சருகு எரிகிற புகை வந்தது. முகத்தை மூடிக்கொண்டாள்.

மணப்பட்டு வீட்டில் காலையில் திறந்த ஜன்னலெல்லாம் அப்படியே கிடந்தது. தரையெல்லாம் மணல். அடுப்படியில் தட்டிய சுக்கு தட்டியபடியே இருந்தது. கண்ணகி கூடத்தைப் பெருக்கி, அவர் உட்கார்ந்திருந்த நாற்காலியை நகர்த்திவிட்டு, அந்த இடத்தைத் துடைத்தாள். கஸ்தூரி அகல் வைத்துத் திரியைக் கொளுத்தினாள். காற்று அணைத்தது. மறுபடி கொளுத்தினாள், மறுபடியும் அணைத்தது. கண்ணகி எழுந்துபோய்க் கடல் பக்கத்து ஜன்னலைச் சாத்தினாள். சுடர் நின்றது. சத்தம் மட்டும் நிற்கவில்லை.

“ஒரு வாய் காபி போடறேன்கா,” என்று கண்ணகி அடுப்படிக்குப் போனாள்.

கஸ்தூரி படுக்கையறைக்குள் போனாள். கட்டிலுக்கடியில் கட்டைப்பை இருந்தது, வாய் முடிச்சுப் போட்டபடி. நேற்றுக் காய்ந்த சட்டை மேலாகத் திணிக்கப்பட்டிருந்தது. பையை மடியில் வைத்துக்கொண்டு தரையில் உட்கார்ந்தாள். முடிச்சு இறுகிக் கிடந்தது. பல்லால் கடித்துத்தான் அவிழ்க்க முடிந்தது.

எழுந்து பீரோவைத் திறந்தாள். ஒவ்வொரு சட்டையாக எடுத்து, உதறி, மடித்து, நடுத்தட்டில் அடுக்க ஆரம்பித்தாள்.